பழைய பட்டன் கத்தி கைக்கு வந்தால்: அடையாளம், விலை, சட்டம்

கேள்வியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நியூ ஜெர்சியில் வசிக்கும் ஒருவர் கேட்டிருக்கிறார். பென்சில்வேனியாவில் ஒரு முதியவர் காலமான பிறகு அவர் வீட்டுச் சாமான்களை விற்றிருக்கிறார்கள். அங்கே இவர் ஒரு கருவிப் பெட்டி வாங்கினார். ஸ்பானர், திருப்புளி எல்லாவற்றுக்கும் அடியில் ஒரு மடக்குக் கத்தி. எலும்பு மாதிரி சொரசொரப்பான பிடி. பட்டனை அழுத்தினால் பிளேடு தானாகத் துள்ளி வெளியே வருகிறது. பிளேடின் அடியில் 'ஷ்ரேட் வால்டன், நியூயார்க், யு.எஸ்.ஏ.' என்று பொறித்திருக்கிறது. இது அசலா, எவ்வளவு பெறும், வீட்டில் வைத்திருக்கலாமா, இணையத்தில் விற்கலாமா, சென்னையில் இருக்கும் மாமாவுக்குப் பரிசாகக் கொண்டு போகலாமா என்பதுதான் கேள்வி.

பதில் சொல்வதற்கு முன் ஒரு வேண்டுகோள். அதைப் பளபளப்பாக்க வேண்டாம், தீட்ட வேண்டாம், நண்பர்களுக்குக் காட்டப் பத்து தடவை அழுத்திப் பார்க்கவும் வேண்டாம். பழைய பட்டன் கத்தியின் மதிப்பு போவது பெரும்பாலும் கைக்கு வந்த முதல் வாரத்தில்தான். துணி பொருத்திய மோட்டார் சக்கரத்தில் வைத்து ஒரு தடவை மெருகேற்றினால் போதும், தொழிற்சாலையில் பிளேடில் விழுந்த மெல்லிய கோடுகள் அழிந்துவிடும், முத்திரையின் ஓரமும் மழுங்கிவிடும். சேகரிப்பாளர்கள் முதலில் தேடுவது அந்த இரண்டைத்தான். துரு இருந்தால் ஒரு சொட்டு மினரல் ஆயிலும் பருத்தித் துணியும் போதும், அதற்கு மேல் எதுவும் செய்யாதீர்கள்.

இனி, அது என்ன கத்தி என்று பார்ப்போம். தானாகத் திறக்கிற கத்தி எல்லாமே பட்டன் கத்தி ஆகிவிடாது. பிடியில் இருக்கும் பட்டனையோ நெம்புகோலையோ தொட்டதும், உள்ளே அழுத்தி வைத்த ஸ்பிரிங் பிளேடை முழுவதுமாகத் தள்ளித் திறந்தால் அது ஆட்டோமேட்டிக், அதாவது பட்டன் கத்தி. பிளேடிலேயே ஒரு சிறு முனை இருந்து, அதை விரலால் கொஞ்சம் தள்ளிய பிறகு ஸ்பிரிங் மீதியைச் செய்தால் அது துணைத்திறப்புக் கத்தி. கடைகளில் அசிஸ்டெட் என்று விற்பது இதைத்தான். இரண்டாம் உலகப்போரில் ஜெர்மன் பாராசூட் வீரர்கள் வைத்திருந்த கத்தியில் திறப்பதற்கு ஸ்பிரிங் கிடையாது, பிளேடு தன் எடையால் கீழே இறங்கி வரும். பார்வைக்கு எல்லாம் ஒன்று போலத்தான் இருக்கும், ஆனால் சட்டம் இவற்றை எல்லா இடத்திலும் ஒரே மாதிரி நடத்துவதில்லை. அதனால் 'எங்கே தொட்டால் திறக்கிறது' என்பதை முதலில் உறுதிசெய்துகொள்ளுங்கள்.

ஆட்டோமேட்டிக்கிலும் பக்கவாட்டில் திறப்பது ஒரு வகை, பிடியின் முனையிலிருந்து நேராக வெளியே வருவது இன்னொரு வகை. மைக்ரோடெக் மாதிரியான இன்றைய கம்பெனிகள் பெயர் வாங்கியது இரண்டாவது வகையில். அதில் இரட்டைச் செயல் கொண்டவற்றில் ஒரே பொத்தானை முன்னே தள்ளினால் பிளேடு வெளியே, பின்னே இழுத்தால் உள்ளே. பாதி வழியில் எதிலாவது பட்டால் பிளேடு தடம் விட்டுத் தளர்ந்துவிடும், மெதுவாக இழுத்தால் மறுபடி பொருந்தும். அதைப் பழுது என்று நினைத்துத் தள்ளுபடி விலைக்குக் கொடுத்துவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். அது பழுது இல்லை.

உங்களுடையது பக்கவாட்டு வகை. பட்டனுக்குப் பக்கத்தில் ஒரு சின்னத் தகடு நகரும், அதுதான் சேஃப்டி. அதை விலக்கிப் பட்டனை அழுத்தினால் பிளேடு திறந்து பூட்டிக்கொள்ளும். மூடுவதற்கும் அதே பட்டனைத்தான் அழுத்த வேண்டும், அழுத்திக்கொண்டே பிளேடை ஸ்பிரிங்குக்கு எதிராக மடக்க வேண்டும். இத்தாலியக் கத்தி என்றால் பட்டன் திறப்பதற்கு மட்டும்தான். பூட்டை விடுவிக்கப் பிடியின் மேல்முனையில் இருக்கும் உலோகப் பூணைச் சாய்க்க வேண்டும். இன்னும் பழையவற்றில் முதுகுப்பக்கம் இருக்கும் சிறு தகட்டை நகத்தால் தூக்க வேண்டும், சேகரிப்பாளர்கள் இந்த வகையை பிக்லாக் என்பார்கள். ஒரே தோற்றமுள்ள இரண்டு இத்தாலியக் கத்திகளில் ஒன்று சுற்றுலாக் கடைச் சரக்காகவும் இன்னொன்று பல மடங்கு விலையுள்ளதாகவும் இருப்பதற்கு இந்தச் சின்ன வித்தியாசம் போதும்.

ஷ்ரேட்டின் கதையைக் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் உங்கள் கத்தியின் வயது அதிலிருந்துதான் தெரிகிறது. ஜார்ஜ் ஷ்ரேட் 1890களின் தொடக்கத்தில் பட்டனால் திறக்கும் கத்திக்குக் காப்புரிமை வாங்கியவர். பிறகு 1904இல் சகோதரர்களுடன் சேர்ந்து நியூயார்க் மாநிலத்தின் வால்டன் என்ற ஊரில் ஷ்ரேட் கட்லரி கம்பெனியைத் தொடங்கினார். பின்னாளில் அவர் பிரிந்து கனெக்டிகட்டின் பிரிட்ஜ்போர்ட்டில் சொந்தக் கம்பெனி வைத்தார். பிரெஸ்டோ என்ற பெயரோடு வந்த கத்திகள் அங்கே செய்தவை. இரண்டாம் உலகப்போரில் அமெரிக்க பாராசூட் வீரர்களுக்குக் கொடுத்த எம்2 கத்தியும் அந்த வழியில் வந்ததுதான். ஒரு கை சிக்கிக்கொண்டாலும் மறு கையால் எடுத்துக் கயிற்றை அறுக்கும்படி, அவர்கள் மேல்சட்டையில் கழுத்துக்குக் கீழே அந்தக் கத்திக்கென்றே ஜிப் வைத்த பை இருந்தது. ஒரு கையால் திறக்க வேண்டிய தேவைதான் இந்தக் கத்தியின் மூலம். ரவுடிகளின் ஆயுதம் என்ற பெயர் பிறகு வந்து ஒட்டிக்கொண்டது.

வால்டன் கம்பெனி 1946இல் கைமாறியது. அதன் பிறகுதான் முத்திரை 'ஷ்ரேட் வால்டன்' என்று மாறியது, அதற்கு முன் 'ஷ்ரேட் கட் கோ' என்று இருக்கும். 1958இல் அமெரிக்காவின் மத்திய அரசு பட்டன் கத்திகளின் மாநிலங்களுக்கிடையிலான வியாபாரத்தைத் தடை செய்தது, கம்பெனியும் பொதுச் சந்தைக்கு அந்த வகையைச் செய்வதைக் கைவிட்டது. ஆகவே 'ஷ்ரேட் வால்டன்' முத்திரையுள்ள பட்டன் கத்தி என்றால், பெரும்பாலும் 1946க்கும் 1958க்கும் இடைப்பட்ட பன்னிரண்டு வருஷத்தில் செய்தது. பழைய பொருட்களில் இவ்வளவு குறுகிய காலத்தை ஒரே முத்திரையிலிருந்து சொல்ல முடிவது அபூர்வம்.

ஆனால் முத்திரை மட்டும் சாட்சி ஆகாது. பிளேடு ஒரு கத்தியிலிருந்தும் பிடி இன்னொன்றிலிருந்தும் சேர்த்துக் கட்டியவை நிறைய உலவுகின்றன. உருப்பெருக்கிக் கண்ணாடி ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். பழைய முத்திரை அச்சால் அடித்துப் பதித்தது, எழுத்துகள் ஆழமாக, ஓரம் லேசாக மேடிட்டு இருக்கும். லேசரிலோ அமிலத்திலோ பொறித்தது தட்டையாகத் தெரியும். பிடியை இணைப்பது ரிவெட்டாக இருக்க வேண்டும். நட்சத்திர வடிவத் தலையுள்ள டார்க்ஸ் ஸ்க்ரூ தெரிந்தால் அது பழைய வேலை இல்லை, அல்லது யாரோ பிரித்து மாட்டியது. எலும்புப் பிடியில் ரிவெட்டைச் சுற்றி மயிரிழை போல விரிசல் ஓடும், அது வயதின் அடையாளம்தான், ஆனால் விலையைக் குறைக்கும். பிளேடை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்து, மூடிய நிலையில் அதன் முனை பிடிக்குள் எவ்வளவு தாழ்ந்து போகிறது என்று பாருங்கள். தீட்டித் தீட்டித் தேய்ந்த பிளேடு உள்ளே புதைந்து போயிருக்கும், தேயாதது நிறைவாக உட்காரும்.

பிடி எலும்பு இல்லாமல் முத்துப் பளபளப்போடு இருந்தால், அது செல்லுலாய்டாக இருக்கலாம். நைட்ரோசெல்லுலோசும் கற்பூரமும் சேர்த்துச் செய்வது இது. உள்ளங்கையில் தேய்த்துச் சூடாக்கி மோந்தால் மெல்லிய கற்பூர வாடை வரும். வருஷங்கள் போகப் போக சில செல்லுலாய்டு பிடிகள் தாமாகவே சிதைந்து அமில ஆவியை விட ஆரம்பிக்கும். அப்போது பிடியை ஒட்டிய பகுதியில் மட்டும் பிளேடு துருப்பிடிக்கும், அதே பெட்டியில் இருக்கும் மற்ற கத்திகளும் கூடவே கெடும். அதனால் செல்லுலாய்டு பிடியுள்ளதை மூடிய டப்பாவில் மற்றவற்றோடு வைக்காமல் காற்றோட்டமாகத் தனியே வையுங்கள். நெருப்புப் பக்கம் கொண்டு போகாதீர்கள், சீக்கிரம் பற்றிக்கொள்ளும். தோலுறையும் நீண்ட நாள் சேமிப்புக்கு ஆகாது, தோல் பதப்படுத்திய ரசாயனம் பித்தளையைப் பச்சை பூக்கவைக்கும்.

இத்தாலியக் கத்தி வைத்திருப்பவர்கள் இதைப் படித்தால் அவர்களுக்கும் ஒரு வரி. ஃப்ரியூலி பகுதியில் உள்ள மனியாகோ என்ற ஊர்தான் அந்த நீண்ட மெல்லிய ஸ்டிலெட்டோக்களின் தாயகம். கத்தித் தொழிலுக்கென்று ஓர் அருங்காட்சியகமே அங்கே இருக்கிறது. பிளேடில் 'ராஸ்ட்ஃப்ரை' என்று கண்டால் அதை ஒரு கம்பெனியின் பெயராக நினைத்துத் தேடாதீர்கள், துருப்பிடிக்காத எஃகு என்பதற்கான குறிப்பு மட்டும்தான் அது. ஃபிராங்க் பெல்ட்ராமே, ஏஜிஏ கம்போலின் போன்ற உற்பத்தியாளர் பெயர் இருந்தால் அடையாளம் சுலபம். வெறுமனே 'இத்தாலி' என்று மட்டும் இருந்தால் பூட்டு வகையையும் பிடியின் பொருளையும் வைத்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

சரி, விலை. பழுதில்லாத, தீட்டாத, ஸ்பிரிங் சுறுசுறுப்பான ஷ்ரேட் வால்டன் சில நூறு டாலருக்குப் போகும். மெருகேற்றியதோ பிளேடு தேய்ந்ததோ அதில் பாதியைக்கூடத் தொடாது. சோதிக்க ஒரே ஒரு தடவை திறந்தால் போதும். முனையை ஆளில்லாத பக்கம் திருப்பி, மேசைமேல் மடித்த துண்டு ஒன்றை விரித்து, அதற்கு மேலே வைத்து அழுத்துங்கள். மணிக்கட்டை உதறாமலே பிளேடு கடைசி வரை போய்ப் பூட்டிக்கொண்டால் ஸ்பிரிங் நல்ல நிலையில் இருக்கிறது. முக்கால் தூரம் போய் நின்றால் ஒன்று பழைய எண்ணெய் கெட்டித்துப்போயிருக்கும், இல்லை ஸ்பிரிங் களைத்திருக்கும். உடைந்தால் அசல் ஸ்பிரிங் கடையில் கிடைக்காது, புதிதாகச் செய்து போட்டால் சேகரிப்பாளர் கண்ணில் அது பழுது பார்த்த கத்தி. திறந்த பிளேடு இடவலமாக ஆடுகிறதா என்றும் மெல்ல அசைத்துப் பாருங்கள்.

விலை தேடுபவர்கள் பெரும்பாலும் யாரோ கேட்கும் விலையைப் பார்த்துவிட்டு அதுவே மதிப்பு என்று நம்பிவிடுகிறார்கள். கேட்ட விலை விலையே இல்லை. விற்று முடிந்த ஏலங்களின் முடிவுகளைப் பாருங்கள், அதுவும் உங்கள் கத்தியின் அளவு, பிடி, நிலை மூன்றும் பொருந்துவதை மட்டும். ஈபேயில் பட்டன் கத்தி விற்கவே அனுமதி கிடையாது, அதனால் அங்கே தேடிப் பயனில்லை. கத்திகளும் பழைய ராணுவப் பொருட்களும் விற்கும் ஏல நிறுவனங்களின் பட்டியல்களில்தான் நம்பகமான எண்கள் கிடைக்கும். அட்லாண்டாவில் ஜூன் மாதம் நடக்கும் பிளேடு ஷோ என்ற கத்திக் கண்காட்சியில் இதை நேரில் பார்த்துச் சொல்லக்கூடியவர்கள் வருவார்கள். ஆனால் உங்கள் கத்தியைப் பெட்டியில் வைத்துக்கொண்டு அங்கே கிளம்பிவிடாதீர்கள். படங்கள் போதும். காரணம் சட்டம்.

சட்டத்தில் எல்லோரும் தடுமாறுவது ஒரே இடத்தில். '1958 சட்டம் இருக்கிறது, ஆகவே நாடு முழுக்கத் தடை' என்பார் ஒருவர். 'என் மாநிலத்தில் அனுமதி, ஆகவே எங்கும் கொண்டு போகலாம்' என்பார் இன்னொருவர். இரண்டுமே தவறு. 1958இன் மத்திய சட்டம் குறிவைப்பது மாநிலம் கடந்த வியாபாரத்தையும் இறக்குமதியையும். கூடவே மத்திய அரசின் நேரடி ஆளுகையில் உள்ள நிலங்களிலும் பூர்வகுடி நிலங்களிலும் வைத்திருப்பதைத் தடுக்கிறது. மீறினால் 2,000 டாலர் வரை அபராதம், ஐந்து வருஷம் வரை சிறை. படைகளுக்கான கொள்முதலுக்கு விலக்கு உண்டு. ஒரு கை மட்டும் உள்ளவர் மூன்று அங்குலத்துக்கு மிகாத பிளேடு வைத்துக்கொள்ளலாம் என்ற விலக்கும் அந்தச் சட்டத்திலேயே எழுதியிருக்கிறது. 2009இல் செய்த திருத்தம் துணைத்திறப்புக் கத்திகளை இதிலிருந்து வெளியே எடுத்தது. மேலே அந்த வித்தியாசத்தை வற்புறுத்தியது இதற்காகத்தான். அரசுத் தபாலில் பட்டன் கத்தி அனுப்புவதற்குத் தனித் தடையும் இருக்கிறது.

வீட்டில் வைத்திருப்பது, பையில் கொண்டு போவது எல்லாம் மாநிலத்தின் பாடு. டெக்சாஸ் 2013இல் தடையை நீக்கியது. ஓஹையோ 2021இல் தளர்த்தியது. பென்சில்வேனியாவில் 2023 ஜனவரி முதல் தடை இல்லை, ஆனால் பிலடெல்பியா நகரத் தெருக்களில் கத்தி கொண்டுபோக அந்த நகரத்துக்கென்று தனிக் கட்டுப்பாடு உண்டு. மாசசூசெட்ஸில் 2024 ஆகஸ்டில் மாநில உச்ச நீதிமன்றமே தடையை அரசியலமைப்புக்கு முரண் என்று சொல்லிவிட்டது. கலிபோர்னியாவில் இரண்டு அங்குலமும் அதற்கு மேலும் உள்ள பிளேடை வெளியே கொண்டுபோகக் கூடாது. நியூயார்க்கில் வைத்திருப்பதே குற்றம், விலக்குகள் மிகக் குறுகியவை.

உங்கள் விஷயத்தில் சிக்கல் இங்கேதான். பென்சில்வேனியாவில் நீங்கள் வாங்கியபோது அது சாதாரணப் பொருள். டெலவேர் ஆற்றைத் தாண்டி நியூ ஜெர்சிக்கு வந்ததும் நிலைமை வேறு. நியூ ஜெர்சி குற்றவியல் சட்டம், விளக்கிச் சொல்லக்கூடிய நியாயமான காரணம் இல்லாமல் பட்டன் கத்தி வைத்திருப்பதை நான்காம் நிலைக் குற்றம் என்கிறது. அதற்குப் பதினெட்டு மாதம் வரை சிறைத் தண்டனை இருக்கிறது. பழம்பொருள் சேகரிப்பு ஒரு நியாயமான காரணம் என்று வாதாட முடியும். ஆனால் வாதாட வேண்டிய நிலைக்கே போகாமல் இருப்பது நல்லது. அதே மாநிலத்தில் விற்பதும் அனுப்புவதும் தனிக் குற்றம். ஆற்றைத் தாண்டிப் போய் பென்சில்வேனியா வியாபாரியிடம் விற்கலாமே என்று தோன்றும். அது மாநிலம் கடந்த வியாபாரம், மத்திய சட்டம் நேரே வந்து நிற்கும். ஆக, சில நூறு டாலர் மதிப்புள்ள கத்தி இப்போது உங்கள் கையில் இருக்கிறது, ஆனால் நீங்கள் நிற்கும் இடத்திலிருந்து அந்த நூறுகளைப் பணமாக்க நேரான வழி இல்லை. இதை மறைத்து இனிப்பாகச் சொல்வதில் எனக்கு விருப்பமில்லை.

உங்கள் இடத்தில் நான் இருந்தால் செய்வது இது. கத்தியைச் சட்டைப்பையிலோ காரிலோ வைக்க மாட்டேன், வீட்டில் பூட்டி வைப்பேன். வாங்கிய ரசீது, தேதி, பெட்டியின் படம் எல்லாவற்றையும் ஒன்றாகச் சேர்த்து வைப்பேன். நியூ ஜெர்சியில் குற்ற வழக்கு நடத்தும் வழக்கறிஞர் ஒருவரிடம் அரை மணி நேரம் ஆலோசனைக்குப் பணம் கொடுப்பேன். எந்த வழக்கும் தொடங்குவதற்கு முன்பே எழுத்து மூலம் தெரிவித்துத் தாமாக ஒப்படைப்பவருக்குப் பாதுகாப்பு தரும் பிரிவும் அந்த மாநிலச் சட்டத்தில் இருக்கிறது, வழக்கறிஞரிடம் அதைப் பற்றியும் கேளுங்கள். நேராகக் காவல் நிலையத்துக்குக் கத்தியை எடுத்துக்கொண்டு நடந்து போய்விடாதீர்கள், முதலில் எழுத்து, பிறகுதான் பொருள்.

மாமாவுக்குப் பரிசு என்ற யோசனையை இன்றே விட்டுவிடுங்கள். இந்தியாவின் 1959 ஆயுதச் சட்டப்படி உரிமம் இல்லாமல் ஆயுதம் எதையும் நாட்டுக்குள் கொண்டுவரக் கூடாது. வீட்டுக்கும் விவசாயத்துக்கும் மட்டுமே ஆனவை ஆயுதத்தில் சேராது, ஆனால் பட்டன் கத்தியைக் காய்கறி நறுக்க என்று சுங்கத்தில் சொல்லி நிற்பது நடக்காத காரியம். டெல்லியில் 1980இல் வந்த அறிவிக்கை ஸ்பிரிங் கத்தி, பட்டன் கத்தி என்று பெயர் சொல்லியே, 7.62 சென்டிமீட்டர் நீளமும் 1.72 சென்டிமீட்டர் அகலமும் எட்டும் பிளேடுகளைக் கட்டுப்பாட்டுக்குள் கொண்டுவந்தது. அந்த ஊர் நீதிமன்றங்களில் இந்த அளவை வைத்து வழக்குகள் குவிந்திருக்கின்றன. ஷ்ரேட்டின் நடுத்தர அளவுக் கத்தியின் பிளேடே மூன்று அங்குலத்தைத் தொட்டுவிடும், அது 7.62 சென்டிமீட்டர்தான். டெல்லி வழியாக விமானம் மாறுகிறவர் பெட்டியில் அது இருப்பதை நினைத்துப் பாருங்கள்.

வேறு நாடுகளில் இருந்து படிப்பவர்களுக்கு: இங்கிலாந்து, வேல்ஸில் 2021 ஜூலை 14 முதல் வீட்டுக்குள் வைத்திருப்பதே குற்றம். கனடாவில் இது தடைசெய்யப்பட்ட ஆயுதம். ஜெர்மனி 2024 இறுதியில் தன் விதிகளை மிகவும் இறுக்கிவிட்டது. சிங்கப்பூருக்கு எடுத்துக்கொண்டு போகும் எண்ணமே வேண்டாம்.

அசலா என்ற கேள்விக்கு இன்னும் உறுதியாகச் சொல்ல வேண்டுமானால் ஐந்து படங்கள் எடுத்துப் போடுங்கள்: முத்திரையின் இரு பக்கமும் கிட்டத்தில், மூடிய நிலையில் மேலிருந்து, திறந்த நிலையில் பட்டன் பக்கம், பிடியின் ரிவெட்டுகள். ஜன்னல் வெளிச்சத்தில் எடுங்கள், ஃபிளாஷ் வேண்டாம், எழுத்தின் ஆழம் அதில் தெரியாது. பக்கத்தில் ஒரு அளவுகோல் வைத்தால் மாடலையும் சொல்லிவிடலாம்.